சொந்த சிப்பா, சந்தை சிப்பா: வொர்க்ஸ்டேஷன்களின் கணக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சிம்பாலிக்ஸ், சிலிக்கான் கிராஃபிக்ஸ் போன்ற வொர்க்ஸ்டேஷன் (பொறியாளர்கள், ஆய்வாளர்களுக்கான சக்திவாய்ந்த மேசைக் கணினி) நிறுவனங்கள் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ததால் அழிந்தன, சந்தையில் கிடைத்த பாகங்களைச் சேர்த்துச் செய்த சன் நிறுவனமும் பின்னால் வந்த பிசியும் ஜெயித்தன என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் ஆப்பிள் மட்டும் சொந்த சிப்பை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிக்கிறது, இன்று வொர்க்ஸ்டேஷன் வாங்குகிறவருக்கு இதில் தெரிந்துகொள்ள ஏதாவது உண்டா என்று கேட்கிறீர்கள். சொந்தமாகச் செய்தவர்கள் ஒரு கட்சி, வாங்கிக் கோத்தவர்கள் இன்னொரு கட்சி என்று பிரித்தால் இதற்குப் பதில் கிடைக்காது. இயந்திரத்தின் எந்த இடத்தில் சொந்தமாகச் செய்தார்கள், அந்தச் செலவைத் தாங்கும் அளவுக்கு விற்றார்களா, சந்தை அவர்களை எட்டிப்பிடிக்க எத்தனை ஆண்டு ஆனது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் சொன்ன எல்லா நிறுவனங்களின் கதையும் ஒரே கணக்குக்குள் வந்துவிடும்.

நான் பல ஆண்டுகளாக சிப் சரிபார்ப்பில் வேலை பார்ப்பவன் என்பதால் பணத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு சிப்புக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி முதல் சிப் கைக்கு வருவதற்கு முன்பே போய்விடும். வடிவமைப்பாளர்களின் சம்பளம், மென்பொருள் உரிமங்கள், மாஸ்க் (சிப்பின் வடிவத்தைச் சிலிக்கான் மேல் பதிக்கும் அச்சு), அதில் பிழை தெரிந்தால் மறுபடியும் மாஸ்க். எங்கள் வேலையில் வரைகிறவர்களைவிட, வரைந்தது சரியா என்று சோதிக்கிறவர்களே அதிகம். மென்பொருள் போல நாளைக்குத் திருத்தி அனுப்பிவிட முடியாது என்பதுதான் காரணம். ஒரு பேச்சுக்கு, இந்த முன்செலவு 50 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 இயந்திரம் விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 50,000 ரூபாய் விழும். 50 லட்சம் விற்றால் 100 ரூபாய்தான். சிப் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் இந்த வகுத்தலிலிருந்து அது தப்ப முடியாது. இதோடு காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு புது சிப்பை வரைந்து, சோதித்து, விற்பனைக்குக் கொண்டுவர மூன்று ஆண்டு ஆகிறது, அதற்குள் சந்தை சிப் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை இருமடங்கு வேகமாகிறது என்றால், நீங்கள் தொடங்கியபோது கணக்குப் போட்ட நான்கு மடங்கு முன்னிலை கடைக்கு வரும் நாளில் கரைந்துபோயிருக்கும். 1980களிலும் 90களிலும் நடந்தவற்றில் பெரும்பகுதியை இந்த இரண்டு கணக்குகளே விளக்கிவிடும்.

முதலில் அப்போலோவும் சன்னும். வில்லியம் பொடுஸ்கா 1980இல் தொடங்கிய அப்போலோ நிறுவனம் 1981இல் டிஎன்100 என்ற வொர்க்ஸ்டேஷனைக் கொண்டுவந்தது. அதற்குள் இருந்தது மோட்டரோலாவின் 68000, அதாவது யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய ப்ராசஸர். ஆனால் 68000இல் ஒரு குறை உண்டு. வேண்டிய பக்கம், அதாவது தரவின் ஒரு துண்டு, மெமரியில் இல்லை என்று ஒரு கட்டளையின் நடுவில் தெரியவந்தால், டிஸ்கிலிருந்து அதைக் கொண்டுவந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர அதற்குத் தெரியாது. அது இல்லாமல் விர்ச்சுவல் மெமரி, அதாவது டிஸ்கையும் மெமரியின் நீட்சியாகப் பயன்படுத்தும் முறை, செய்ய முடியாது. அப்போலோ பொறியாளர்கள் இரண்டு 68000களை வைத்தார்கள். ஒன்று தடுக்கி நின்றால் அதை அப்படியே காக்கவைத்துவிட்டு, மற்றது போய்ப் பக்கத்தைக் கொண்டுவரும். இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பளிக்கும் தீர்வு அது. 1982இல் மோட்டரோலா அந்தக் குறையை நீக்கி 68010ஐ வெளியிட்டது. அதே பின்கள், அதே சாக்கெட். அப்போலோவின் அத்தனை உழைப்பும் வாங்கித் தந்தது கொஞ்ச கால முன்னிலையை மட்டும்தான்.

சன் நிறுவனம் 1982 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆண்டி பெக்டல்ஷைம் ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது வரைந்த போர்டுதான் அதன் மூலதனம். சன்-1இலும் 68000தான். அதில் விர்ச்சுவல் மெமரி கிடையாது; நிரலை முழுதாக உள்ளே கொண்டுவருவது, முழுதாக வெளியே தள்ளுவது என்று சமாளித்தார்கள். 68010 வந்ததும் அதை வைத்து பெர்க்லி யூனிக்ஸை முழுமையாக ஓட்டினார்கள். அப்போலோ தனக்கென ஒரு டோக்கன் ரிங் வலையமைப்பும் தனக்கென ஒரு இயங்குதளமும் செய்துகொண்டது. சன் ஈதர்நெட்டையும் யூனிக்ஸையும் எடுத்துக்கொண்டது. நுட்பத்தில் அப்போலோவின் வலையமைப்பு குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் ஈதர்நெட் கேபிள் போட்டால் அதில் வேறு நிறுவனத்தின் கணினியையும் மாட்டலாம். அப்போலோ வளையத்தில் மாட்ட அப்போலோதான் வேண்டும். 1989இல் எச்பி நிறுவனம் அப்போலோவை வாங்கியது.

ஆனால் சன் எல்லாவற்றையும் கடையில் வாங்கிக் கோத்தது என்பது பாதிதான் உண்மை. நீங்கள் படித்ததில் இது விடுபட்டிருக்க வேண்டும். பெக்டல்ஷைமின் போர்டில் மெமரி மேலாண்மைப் பகுதி அவருடைய சொந்த வடிவமைப்பு. முகவரி மாற்றும் அட்டவணைகளை வேகமான ஸ்டேட்டிக் ராமில் வைத்து, ப்ராசஸர் ஒரு சுழற்சிகூடக் காத்திருக்காதபடி செய்தார். அதே 68000ஐ வாங்கிய மற்றவர்களின் போர்டுகளிலிருந்து சன்னைப் பிரித்துக் காட்டியது இந்தச் சிறிய இடம்தான். அதைக்கூடப் புது சிப்பாகச் செய்யவில்லை, சந்தையில் கிடைத்த மெமரி சிப்களையே கெட்டிக்காரத்தனமாக இணைத்தார். 1987இல் சன் தன் சொந்த ப்ராசஸரான ஸ்பார்க்கைக் கொண்டுவந்தபோதும் அதே நிதானம் தெரிகிறது. முதல் ஸ்பார்க்கைத் தனி ஆலை கட்டிச் செய்யவில்லை. சுமார் 20,000 கேட் (தர்க்கச் சுற்றின் அடிப்படை அலகு) கொண்ட ஃபுஜிட்சுவின் கேட் அர்ரேயில் அடக்கிவிட்டார்கள். கேட் அர்ரே என்பது பாதி செய்து வைத்த சிப். மேல் அடுக்குகளின் இணைப்பை மட்டும் வாடிக்கையாளர் தீர்மானிப்பார். அதனால் முன்செலவும் குறையும், காலமும் குறையும்.

சிம்பாலிக்ஸின் கதை வேறு. 1980இல் எம்ஐடியிலிருந்து கிளைத்த இந்த நிறுவனம் லிஸ்ப் மொழிக்கென்றே இயந்திரம் செய்தது. 1983இல் வந்த 3600இல் ஒரு சொல்லுக்கு 36 பிட். கூடுதல் பிட்கள் அந்த மதிப்பு எண்ணா, பட்டியலா, வேறேதாவதா என்று சொல்லும் அடையாளங்கள். இரண்டு மதிப்புகளைக் கூட்டும் அதே நேரத்தில் இரண்டும் எண்கள்தானா என்பதையும் வன்பொருளே சோதித்துவிடும். பயன்படாத மெமரியைத் திரும்பப் பெறும் வேலைக்கும் வன்பொருள் துணை நிற்கும். சாதாரண ப்ராசஸரில் இதே சோதனைகளுக்குத் தனித்தனிக் கட்டளைகள் வேண்டும் என்பதால் அன்றைக்கு இந்த வேகம் வேறெங்கும் கிடைக்கவில்லை. அதில் இருந்த நிரல் எழுதும் சூழலைப் பற்றி, அதில் வேலை செய்தவர்கள் இன்றும் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். அந்த ஏக்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஆனால் வாங்கியவர்கள் யார்? செயற்கை நுண்ணறிவு ஆய்வகங்களும் சில பெரிய நிறுவனங்களும் மட்டுமே. ஆயிரங்களில் விற்ற இயந்திரம், லட்சங்களில் விற்ற 68020உடனும் பிறகு எளிய கட்டளைகளை வேகமாக ஓட்டும் ரிஸ்க் சிப்களுடனும் ஓட வேண்டியிருந்தது. லிஸ்ப் கம்பைலர்கள் தேறத் தேற, சோதனைகளில் பலவற்றை மென்பொருளிலேயே மலிவாகச் செய்ய முடிந்தது. 1987க்குப் பிறகு அந்தச் சந்தையே சரிந்தது. சிம்பாலிக்ஸ் தன் இயந்திரத்தை ஐவரி என்ற ஒரே சிப்பில் அடக்கி, அதை மேக்கின்டாஷுக்குள் செருகும் கார்டாகவும் விற்றது. 1990களில் டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா ப்ராசஸரில், முழு லிஸ்ப் இயந்திரத்தையும் மென்பொருளாகப் போலச்செய்து ஓட்டும் ஓப்பன் ஜெனராவையும் அதே நிறுவனமே விற்றது. வன்பொருளுக்காகத் தொடங்கிய நிறுவனம் அந்த வன்பொருளைச் சந்தை சிப்பில் நிரலாக ஓட்டும் இடத்துக்கு ஏறத்தாழ பத்தே ஆண்டில் வந்துசேர்ந்தது. சொந்த சிப்பைப் பற்றி முடிவெடுக்கும் எவரும் இந்த வரலாற்றை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சிலிக்கான் கிராஃபிக்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் முதலில் செய்தது மிகச் சரியான காரியம். முப்பரிமாண உருவத்தின் ஒவ்வொரு முனைப்புள்ளியையும் திருப்ப, நகர்த்த, நான்குக்கு நான்கு அணியால் பெருக்க வேண்டும். ஒரு புள்ளிக்கே 16 பெருக்கல். பிறகு திரைக்கு வெளியே போவதை வெட்ட வேண்டும், திரையளவுக்குச் சுருக்க வேண்டும். 68000க்குத் தசமப் பெருக்கலே சொந்தமாகத் தெரியாது. ஸ்டான்ஃபோர்டில் ஜிம் கிளார்க்கும் மார்க் ஹன்னாவும் இதற்கென்றே ஜியாமெட்ரி எஞ்சின் என்ற சிப்பை வடிவமைத்தார்கள். 1982இல் கிளார்க் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒரே வகைச் சிப் 12 வரிசையாக நிற்கும். முதல் நான்கு அணிப்பெருக்கல் செய்யும், அடுத்த ஆறு வெட்டும், கடைசி இரண்டு திரையளவுக்கு மாற்றும். ஒரே சிப்பை வரைந்து பன்னிரண்டு இடத்தில் பயன்படுத்தியதால் முன்செலவை ஒரே ஒருமுறை செய்தால் போதுமாயிற்று. சரிபார்ப்புக்காரன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அவர்களுடைய முதல் ஐரிஸ் இயந்திரங்களில் மூளையாக இருந்த ப்ராசஸர் போர்டு, சன்னுக்கு மூலமான அதே ஸ்டான்ஃபோர்டு போர்டின் ஒரு வடிவம். சந்தையில் கிடைத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டு, எங்கும் கிடைக்காத ஒன்றை மட்டும் சொந்தமாகச் செய்தார்கள். சன்னும் சிலிக்கான் கிராஃபிக்ஸும் எதிரெதிர் முகாம்கள் என்று படித்தால் இது கண்ணில் படாது. தொடக்கத்தில் இருவரும் ஒரே போர்டிலிருந்து கிளைத்தவர்கள்.

பிறகு சொந்தம் என்பது பரவத் தொடங்கியது. 1992இல் மிப்ஸ் என்ற ப்ராசஸர் நிறுவனத்தை வாங்கி ப்ராசஸரும் சொந்தமாயிற்று. 1996இல் வந்த ஓ2 வொர்க்ஸ்டேஷனில் ப்ராசஸர், கிராஃபிக்ஸ், வீடியோ மூன்றும் ஒரே மெமரியைப் பகிர்ந்துகொண்டன. வீடியோவைப் பிரதி எடுக்காமலே முப்பரிமாண உருவத்தின் மேல் ஒட்டலாம். அருமையான எண்ணம், ஆனால் மெமரி மாட்யூல்கூடத் தனி வடிவம். இதற்கிடையில் 1995 இறுதியில் வந்த பென்டியம் ப்ரோ, முழு எண் கணக்குகளில் ரிஸ்க் வொர்க்ஸ்டேஷன்களின் பக்கத்தில் வந்து நின்றது. சிலிக்கான் கிராஃபிக்ஸிலிருந்து வெளியேறியவர்கள் 1994இல் பிசிக்கான கிராஃபிக்ஸ் சிப் செய்யும் 3டிஎஃப்எக்ஸைத் தொடங்கினார்கள். 1993இல் தொடங்கிய என்விடியாவின் நிறுவனர் மூவரில் இருவர் சன்னில் வேலை பார்த்தவர்கள். இந்த இரு நிறுவனங்களுக்கும் கிடைத்த வாடிக்கையாளர்கள் விளையாட்டு ஆடும் பிள்ளைகள், அதாவது லட்சக்கணக்கானவர்கள். 1999இல் வந்த ஜீஃபோர்ஸ் 256, ஜியாமெட்ரி எஞ்சின்கள் செய்த புள்ளி மாற்றும் வேலையையும் ஒளியமைப்பையும் ஒரே சிப்பில் செய்தது. விலை சில நூறு டாலர்.

அதே 1999இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் வெளியிட்ட விஷுவல் வொர்க்ஸ்டேஷன் 320, 540 இரண்டையும் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கான பதில் தெளிவாகும். உள்ளே இன்டெல் ப்ராசஸர், மேலே விண்டோஸ் என்டி. சந்தைக்கு இறங்கி வந்தாயிற்று. ஆனால் இடையில் கோபால்ட் என்ற சொந்த சிப்செட், கணினியைத் தொடக்கிவைக்கும் பிசி பயாஸுக்குப் பதிலாக வேறு ஃபர்ம்வேர், தனி வகை மெமரி. இதனால் விண்டோஸே இவர்களுக்கெனத் தனியாகத் தயார் செய்யப்பட வேண்டியிருந்தது. விண்டோஸ் 2000க்குப் பிறகு வந்த பதிப்புகள் இவற்றில் ஓடவில்லை. பிசியின் மலிவும் இல்லை, அவர்களுடைய பெரிய ஓனிக்ஸ் இயந்திரங்களின் பலமும் இல்லை. அடுத்து வந்த 230, 330, 550 மாடல்கள் சாதாரண பிசி பாகங்களாலேயே ஆனவை. நிறுவனம் 2006இலும் 2009இலும் திவால் பாதுகாப்பு கேட்டது. மவுன்டன் வியூவில் இருந்த அதன் வளாகம் கூகுளின் தலைமையகமாயிற்று.

ஆப்பிளுக்கு வருகிறேன்; அதற்கு முன் சந்தை சிப்பில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். 2004இல் இரண்டு விஷயம் நடந்தன: பென்டியம் 4 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றது, அதற்கு அடுத்ததாகத் திட்டமிட்ட டெஜாஸ் சிப்பை இன்டெல் கைவிட்டது. 1974இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் காட்டியபடி டிரான்சிஸ்டர் சிறுத்தால் மின்னழுத்தமும் குறையும், அதனால் சூடு கூடாது. 2000களின் நடுவில் கசிவு மின்சாரம் அந்தக் கணக்கை முறித்துவிட்டது. அதுவரை சொந்த சிப்புக்கு எதிரி 'பொறுத்திருந்தால் சந்தை சிப்பே வேகமாகிவிடும்' என்ற உண்மை. அந்த எதிரி அப்போது பலமிழந்தது. டிரான்சிஸ்டர்கள் இன்னும் பெருகிக்கொண்டிருந்தன, ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எரியவிட முடியாது. ஆகவே குறிப்பிட்ட வேலைக்கென்று தனிப் பகுதி வைப்பது மறுபடி லாபகரமாயிற்று. 1987இல் தைவானில் தொடங்கிய டிஎஸ்எம்சி போன்ற ஆலைகள், சொந்த ஆலை இல்லாதவர்களுக்கும் முன்னணித் தொழில்நுட்பத்தைத் திறந்துவிட்டிருந்தன.

இத்தனையும் இருந்தும், எண்ணிக்கை இல்லாமல் இருந்தால் ஆப்பிளும் சிலிக்கான் கிராஃபிக்ஸின் வழியில்தான் போயிருக்கும். 2008இல் பி.ஏ. செமி நிறுவனத்தை வாங்கி, 2010இல் ஏ4 சிப்பிலிருந்து தொடங்கிய அவர்களின் முன்செலவை ஐபோன் சுமக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி. 2020 நவம்பரில் வந்த எம்1இன் கோர்கள் ஐபோனின் ஏ14 சிப்பில் இருப்பவைதான். ஓ2 செய்த பொது மெமரி எண்ணம் 24 ஆண்டு கழித்து இங்கே மறுபடி வந்து ஜெயித்தது. ஆகவே ஆப்பிளை 'சொந்த சிப்பின் வெற்றி' என்று மட்டும் படிக்காதீர்கள். 68000உம் பென்டியமும் வைத்திருந்த எண்ணிக்கை பலம் இன்று ஆப்பிளின் கைக்குள்ளேயே இருக்கிறது. அந்த எண்ணிக்கை எட்டாத இடத்தில் அவர்களுக்கும் அதே இடுக்கண் வருகிறது. 2019ஆம் ஆண்டின் இன்டெல் மேக் ப்ரோவில் 1.5 டெராபைட் மெமரி வரை போடலாம், கிராஃபிக்ஸ் கார்டு மாற்றலாம். 2023இல் எம்2 அல்ட்ராவோடு வந்த மேக் ப்ரோவில் 192 ஜிபியோடு சரி, ஸ்லாட்டுகள் இருந்தும் கிராஃபிக்ஸ் கார்டு ஓடாது. ஐபோனிலிருந்து வளர்ந்த சிப்பால், மிகச் சில வொர்க்ஸ்டேஷன்காரர்களுக்காக மட்டும் வேறு உருவம் எடுக்க முடியவில்லை.

இதுவரை சொன்ன ஆண்டுகளும் வடிவமைப்பு விவரங்களும் உறுதியானவை. இனிச் சொல்வது என் கணிப்பு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் கிராஃபிக்ஸ் 1994 வாக்கிலேயே தன் கிராஃபிக்ஸைப் பிசி கார்டாக விற்றிருந்தால் பிழைத்திருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். திறமை அவர்களிடம் இருந்தது, கிராஃபிக்ஸ் நிரல் எழுதும் பொதுத் தரமான ஓப்பன்ஜிஎல்லும் 1992இல் அவர்கள் தந்ததுதான். ஆனால் லட்சம் டாலர் இயந்திரத்தின் லாபத்தில் வாழப் பழகிய விற்பனைப் படை, சில நூறு டாலர் கார்டை மனதார விற்றிருக்குமா? தன் இயந்திரத்தை வாங்காதே என்று தன் வாடிக்கையாளரிடமே சொல்வதற்குச் சமம் அது. அதேபோல, இன்று வந்திருக்கும் தனிச் சிப்களின் காலம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதும் கணிப்புதான். ஒரு பணியின் கணக்குமுறை நிலையாக இருக்கும்வரை தனிச் சிப்பு ஜெயிக்கும், முறை மாறினால் அது வெறும் சிலிக்கான் என்பது என் தொழில் அனுபவம். வீடியோ குறிமாற்றம் நிலையான முறை, அதனால் அது பெரும்பாலான ப்ராசஸர்களுக்குள் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. ஆப்பிள் 2019இல் ப்ரோரெஸ் வீடியோவுக்கு ஆஃப்டர்பர்னர் என்று ஒரு கார்டை எஃப்பிஜிஏவில் (உள்ளிணைப்பைப் பிறகும் மாற்றக்கூடிய சிப்) செய்து 2,000 டாலருக்கு விற்றது. 2021இல் எம்1 ப்ரோ, மேக்ஸ் சிப்களுக்குள்ளேயே அந்த வேலைக்கு இடம் ஒதுக்கியது. முறை உறுதியாகும்வரை மாற்றி எழுதக்கூடிய எஃப்பிஜிஏ, உறுதியானதும் சிப் என்ற இந்த வரிசையை நான் யாருக்கும் பரிந்துரைப்பேன்.

வாங்குகிறவருக்கு: இன்றைய பிராண்ட் வொர்க்ஸ்டேஷன்களில் ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி எல்லாம் நீங்கள் கடையில் வாங்கக்கூடியவைதான். அவர்கள் கூடுதலாகத் தருவது பிழையைத் தானே திருத்தும் இசிசி மெமரியோடு சோதிக்கப்பட்ட கூட்டமைப்பு, கணினி வழி வடிவமைப்பு (CAD) மென்பொருள் நிறுவனங்களின் சான்றிதழ், இடத்துக்கே வந்து பழுதுபார்க்கும் ஒப்பந்தம். ஒரு நாள் வேலை நின்றால் பெரிய இழப்பு என்றால் அந்தப் பணம் வீணல்ல. ரெண்டரிங், எடிட்டிங் என்று தனியாக வேலை பார்ப்பவர் என்றால் பாகம் வாங்கிக் கூட்டுவதே மலிவு, பிறகு மேம்படுத்தவும் வழி இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஐந்து ஆண்டு கழித்துக் கெட்டால் வேறொருவரிடம் வாங்க முடியுமா? பிராண்ட் பெட்டிகள் பலவற்றில் பவர் சப்ளையும் மதர்போர்டும் தனி வடிவம், கனெக்டரே வேறு. இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில பிராண்ட் இயந்திரங்களில் ஓடிய ஏஎம்டி த்ரெட்ரிப்பர் ப்ரோ, எபிக் ப்ராசஸர்கள் சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு ஃபியூஸ் வழியாக அந்த பிராண்டின் மதர்போர்டுகளோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடும். வேறு போர்டில் செருகினால் ஓடாது. செகண்ட் ஹேண்டில் அப்படி ஒன்று மலிவாகக் கிடைத்தால், எந்த இயந்திரத்திலிருந்து கழற்றியது என்று விற்கிறவரிடம் கேட்டு, முடிந்தால் உங்கள் போர்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.